புகை படப் பட நிறம் மாறும் கண்ணாடித் தூபக்கலம்: புளி போட்டுத் தேய்த்ததும் நீலம் போய்விட்டது

மழையூராள் எழுதியது:

வணக்கம். கண்ணாடி வேலையோ வேதியியலோ தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பதை முன்பே கவனித்திருக்கிறேன் என்பதால் என் ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

நாங்கள் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், யூஜின் நகரில் வசிக்கிறோம். இங்கே 1970ஆம் ஆண்டிலிருந்து சனிக்கிழமைச் சந்தை ஒன்று கூடி வருகிறது. செய்தவரே வந்து விற்க வேண்டும் என்பது அந்தச் சந்தையின் வழக்கம். சென்ற ஆண்டு அங்கே ஒரு கைவினைஞரிடம் ஊதுபத்தி ஏற்றுவதற்கான கண்ணாடிக் கலம் ஒன்றை வாங்கினேன். குட்டிச் சுரைக்காய் போன்ற வடிவம். ஒரு சாண் உயரம் இருக்கும். மேலே வாய் திறந்திருக்கிறது, அடிவயிற்றைச் சுற்றிக் காற்றுப் புக மூன்று துளைகள் இருக்கின்றன, உள்ளே தரையில் ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைச் செருகுவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. பத்தியைப் பாதியாக ஒடித்து உள்ளே நிறுத்தினால் புகை கலத்துக்குள்ளேயே சுழன்று வாய் வழியே மெல்ல எழும்.

வாங்கியபோது அது ஏறத்தாழத் தெளிந்த கண்ணாடியாகவே இருந்தது. மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்தால் வருமே, அந்த அளவுக்கு மட்டும் மஞ்சள் சாயல் இருந்தது. "பயன்படுத்தப் பயன்படுத்த நிறம் வரும், பொறுமையாக இருங்கள்" என்று விற்றவர் சொன்னதை நான் வியாபாரப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு மாதங்களில் அந்த மஞ்சள் பச்சையாயிற்று. நான்காம் மாதம் மயில் கழுத்து நீலம் வந்தது. அடிப்பகுதியில் இளஞ்சிவப்பு வரிகள்கூட எழுந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், வந்திருக்கிறார்கள். உள்ளே கரி பிடித்திருப்பதைப் பார்த்த அவர்கள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஊரில் பித்தளைத் தூபக்காலைத் தேய்ப்பது போலவே புளியில் ஊறவைத்து, நாரால் தேய்த்து, பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். நான் திரும்பி வந்து பார்க்கும்போது அது மீண்டும் மோர் நிறத்துக்கு வந்திருந்தது. அவர்கள் ஆசையோடு செய்த வேலை என்பதால் நான் எதுவும் சொல்லவில்லை; ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஏதாவது கெடுத்துட்டேனாம்மா?" என்று இருமுறை கேட்டுவிட்டார்கள்.

அந்த நீலம் கண்ணாடியில் இருந்ததா, புகைக் கரியில் இருந்ததா? புளியின் அமிலம் அதை அரித்துக் கரைத்துவிட்டதா, அல்லது மறுபடியும் வருமா? உறுதியான விடை கிடைத்தால் அத்தைக்கும் ஆறுதலாக இருக்கும்.

நேர்பேச்சு எழுதியது:

சகோதரி, மனம் வருந்தாமல் கேளுங்கள். சூடு பட்டால் நிறம் மாறும் சாயம் பூசிய தேநீர்க் குவளைகளைப் பார்த்திருப்பீர்கள். வெந்நீர் ஊற்றினால் படம் தோன்றும், ஆறினால் மறையும். உங்கள் கலத்திலும் அப்படி ஒரு சாயத்தைத்தான் பூசி விற்றிருக்க வேண்டும். அது தேய்த்தவுடன் போய்விட்டது. கைவினை என்ற பெயரில் இப்படிப் பல பொருள்கள் விற்கப்படுகின்றன. அத்தை மேல் தவறில்லை, விற்றவர் மேல்தான் தவறு.

சுடர்முனை எழுதியது:

மேலே நண்பர் சொல்வது இந்தப் பொருளுக்குப் பொருந்தாது. வெப்பத்தால் நிறம் மாறும் சாயம் சூடு ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாதக்கணக்கில் படிப்படியாக நிறம் ஏறாது. நான் வார இறுதிகளில் சுடரில் கண்ணாடி வேலை பழகுகிறவன். ஆறு ஆண்டுகளாகச் செய்கிறேன், இன்னும் கை நேராக வரவில்லை. ஆனால் நீங்கள் விவரிக்கும் பொருள் என்ன என்பது எனக்கு ஐயமில்லாமல் தெரிகிறது. இதற்கு எங்களிடையே ஃபியூமிங் என்று பெயர்; தமிழில் வெள்ளிப் புகையூட்டல் என்று சொல்லலாம்.

அது செய்யப்படும் முறையைச் சொல்கிறேன், பிறகு உங்கள் கேள்விக்கான விடை பாதி தானாகவே வந்துவிடும். முதலில் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொள்வோம். ஆய்வகக் குடுவைகளும் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் பலவும் இந்த வகைதான்; சன்னல் கண்ணாடியோடு ஒப்பிட்டால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே விரியும் என்பதால் சட்டென்று வெடிக்காது. ஆக்சிஜனும் புரோப்பேனும் கலந்து எரியும் சுடரில் அதைச் சிவக்கக் காய்ச்சுவோம். அடுத்து, வேறொரு கண்ணாடிக் கம்பியின் நுனியில் அரிசி மணி அளவு தூய வெள்ளியை ஒட்டவைத்து, அதைச் சுடரின் வேருக்கு அருகில் காட்டுவோம். வெள்ளி 962 பாகை செல்சியசில் உருகும்; சுடரின் சூடு அதைவிட மிகவும் அதிகம் என்பதால் உருகிய மணி கொதித்து ஆவியாகத் தொடங்கும். அந்த ஆவியைச் சுடரே முன்னால் தள்ளிக்கொண்டு போகும். ஒரு சாண் தள்ளி நாம் பிடித்திருக்கும் சூடான கண்ணாடியின் மேல் அது படியும். கண்ணால் பார்த்தால் எதுவும் நடப்பதாகவே தெரியாது. சில நொடிகள்தான். கொஞ்சம் ஆசைப்பட்டுக் கூடுதலாகக் காட்டிவிட்டால் சாம்பல் பூத்தது போலாகி அந்தத் துண்டு வீண். நான் அப்படி வீணாக்கியவை ஒரு வாளி நிறைய இருக்கின்றன.

வெள்ளிக்குப் பதிலாகத் தங்கம் காட்டினால் இளஞ்சிவப்பு வரும். உங்கள் கலத்தின் அடியில் வரிகள் தெரிந்ததாக எழுதியிருப்பதைப் பார்த்தால், செய்தவர் அங்கே ஒரு துணுக்குத் தங்கமும் செலவழித்திருக்கிறார். 65 டாலருக்குள் வாங்கியிருந்தால் உங்களுக்கு இலாபம். இது முடிந்த பிறகு கண்ணாடியை மறுபடியும் காய்ச்சி, ஊதி, வடிவம் கொடுக்கிறோம் என்பதால் அந்த வெள்ளிப் படலம் கண்ணாடியின் தோலோடு ஒட்டி உருகிவிடுகிறது. கடைசியில் சுமார் 565 பாகைச் சூளையில் வைத்து மணிக்கணக்கில் ஆறவிடுவோம். அப்படி இருக்க, புளியும் நாரும் அதைப் பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்காது. போனது புகைக் கரி மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இது வேரூன்றிய இடமே உங்கள் ஊர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த உத்தியைப் பரப்பியவராக எல்லாரும் குறிப்பிடுவது பாப் ஸ்னாட்கிராஸ் என்பவரை. கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு ஊர் ஊராகப் போனபோது பின்தொடர்ந்து சென்று, தம் வண்டியிலேயே சுடரை வைத்துக்கொண்டு கண்ணாடிப் பொருள்கள் செய்து விற்றவர். பின்னர் யூஜினில் குடியேறி அங்கே பலருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். வெள்ளிப் புகையூட்டல் 1980களின் தொடக்கத்தில் அவர் கைக்குத் தற்செயலாக வந்தது என்பார்கள். அவர் செய்தவை பெரும்பாலும் புகைபிடிக்கும் குழாய்கள். புகைப் பிசின் உள்ளே படியப் படிய அவற்றிலும் இப்படித்தான் நிறம் எழும். ஊதுபத்திக் கலம் அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த நல்ல பிள்ளை.

பழைய ஆய்வகம் எழுதியது:

செய்முறையைச் சுடர்முனை தெளிவாகச் சொல்லிவிட்டார். நிறம் ஏன் எழுகிறது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். பொருளறிவியல் ஆய்வகம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா, உங்கள் கலத்தில் கண்ணாடியின் நிறம் ஒருபோதும் மாறவில்லை. மாறியது அதற்குப் பின்னால் இருந்த இருட்டு. இதை நீங்களே பார்க்கலாம். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, அதன் நுனியிலிருந்து எழும் புகை இழையைக் கருப்புத் துணி ஒன்றுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். இழை நீலமாகத் தெரியும். அதே இழையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் பழுப்பாகத் தெரியும். புகை ஒன்றுதான். அதன் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறவிடுகின்றன, சிவப்பையும் மஞ்சளையும் அதிகமாக ஊடுருவ விடுகின்றன. பின்னால் இருட்டு இருந்தால் சிதறி வந்த நீலம் மட்டும் கண்ணுக்கு எட்டும். பின்னால் வெளிச்சம் இருந்தால் ஊடுருவி வந்த பழுப்பு அந்த நீலத்தை மூழ்கடித்துவிடும். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு, கைவிளக்கைப் பக்கத்திலிருந்து அடித்தாலும் இதையே காணலாம். பக்கவாட்டில் பார்த்தால் நீலச் சாயல்; விளக்குக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் மஞ்சள்.

வெள்ளிப் படலத்திலும் அடிப்படை இதுதான், ஆனால் நிறம் இன்னும் அழுத்தமாக இருக்கும். உலோகத் துணுக்குகள் சில பத்து நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிட்டால் அவற்றின் எலக்ட்ரான்கள் ஒளியின் குறிப்பிட்ட நிறத்தோடு மட்டும் சேர்ந்து ஊசலாடுகின்றன. வெள்ளித் துணுக்குகள் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா, நீலப் பகுதியைப் பிடித்துக்கொள்வதால், ஊடுருவிச் செல்லும் ஒளி மஞ்சளாகிறது. தங்கத் துணுக்குகள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சையைப் பிடித்துக்கொள்வதால் ஊடுருவும் ஒளி சிவக்கிறது. புதிய கலம் தெளிவாக இருக்கும்போது அறையின் வெளிச்சம் மறுபக்கச் சுவரிலிருந்தும் உள்ளே வந்து படலத்தை ஊடுருவி உங்கள் கண்ணை அடைகிறது. ஆகவே மோரில் கலந்த மஞ்சள். உள்சுவரில் புகைப் பிசினும் கரியும் படிந்து அந்த ஒளியை விழுங்கத் தொடங்கியதும், படலம் திருப்பி அனுப்பும் நீலம் மட்டும் மிஞ்சுகிறது. இடையில் வந்த பச்சை, பாதி மஞ்சளும் பாதி நீலமும் கலந்து தெரிந்த காலம். படலத்தின் கனமும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவது போன்ற குறுக்கீட்டு நிறங்களும் இதில் சேர்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கரி படலத்துக்குப் பின்னால் படிந்தால்தான் நிறம். கண்ணுக்கும் படலத்துக்கும் நடுவில், வெளிப்புறத்தில் படிந்தால் அது வெறும் அழுக்கு. ஆகவே வெளிப்புறத்தை அத்தை மெல்லிய துணியால் எத்தனை முறை துடைத்தாலும் நல்லதே.

இந்த வித்தையின் மூத்த உறவு ஒன்று இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் உரோமர்கள் செய்த லைகர்கஸ் கிண்ணம். முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. அதன் கண்ணாடியில் பத்து இலட்சத்தில் சுமார் 330 பங்கு வெள்ளியும் 40 பங்கு தங்கமும் நுண்துகள்களாக இருக்கின்றன என்று ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். அங்கே உலோகம் கண்ணாடியின் உடம்புக்குள் கலந்திருக்கிறது. உங்கள் கலத்தில் தோலில் மட்டும் இருக்கிறது.

புளியைப் பற்றிக் கேட்டீர்கள். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேல் படியும் செம்பு ஆக்சைடைக் கரைக்கும், அதனால்தான் தூபக்கால் பளபளக்கிறது. வெள்ளி உலோகத்தை அது கரைக்காது. வேடிக்கை என்னவென்றால், அதே அமிலத்தின் உப்பு ஒன்றைப் பயன்படுத்தித்தான் முன்பு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வெள்ளி ரசம் ஏற்றினார்கள். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். கருப்புக் காகிதத்தைச் சுருட்டிக் கலத்துக்குள் விட்டு, பகல் வெளிச்சத்தில் வெளியிலிருந்து பாருங்கள். நீலம் தெரிந்தால் வெள்ளி அப்படியே இருக்கிறது என்று பொருள்.

மழையூராள் எழுதியது:

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டுப் பிள்ளையின் கைவேலைப் பெட்டியிலிருந்து கருப்புக் காகிதம் ஒன்றை எடுத்து வந்தேன். வாய் குறுகலாக இருந்ததால் காகிதத்தைப் பென்சில் பருமனுக்குச் சுருட்டி உள்ளே விட்டேன். அது உள்ளே போய்த் தானாக விரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடமெல்லாம் நீலம்! காகிதம் எட்டாத இடத்தில் மோர் நிறம், எட்டிய இடத்தில் மயில் கழுத்து. நடுவில் காகிதத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேர்கோடாகத் தெரிந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். காகிதத்தை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, மறுபடி தள்ளி நாலைந்து முறை அவர்களே செய்து பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

ஆனால் வாயின் விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் கருப்புக் காகிதம் வைத்தும் எந்த நிறமும் வரவில்லை. தண்ணீர் போல வெறும் கண்ணாடியாக இருக்கிறது. வெளிப்பக்கத்தில் அந்த இடத்தைத் தடவினால் மெல்லிய கீறல்கள் விரலில் படுகின்றன. அங்கேதான் கரி கெட்டியாக இருந்தது என்றும், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டதாகவும் அத்தை இப்போது சொல்கிறார்கள். அந்த இடத்தில் நிறம் மீளுமா?

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் முடியாது. இந்தக் கலத்திலேயே சாம்பிராணி போடலாமா?

சுடர்முனை எழுதியது:

அந்த நக அளவு இடம் போனது போனதுதான். வாய்ப்பகுதியைக் கடைசியாகச் செய்வோம். அங்கே வெளிப்புறத்தில் வெள்ளியைக் காட்டிவிட்டு, மேலே தெளிந்த கண்ணாடியால் மூடாமல் விட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. மூடாத படலம் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது, ஆனால் இரும்பு நாருக்கு ஈடுகொடுக்காது. மறுபடி வெள்ளி காட்ட வேண்டுமானால் முழுக் கலத்தையும் சூளையில் மெதுவாகச் சூடேற்றி, சுடருக்குக் கொண்டுவந்து, திரும்பவும் சூளையில் ஆறவைக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் கரியும் அதற்குமுன் முழுதாகப் போயிருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் கலம் விரிசல் விட வாய்ப்பு இருக்கிறது. நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.

இனிக் கழுவ வேண்டியிருந்தால், கலம் நன்றாக ஆறிய பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை உள்ளே ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். பிசின் தானாகக் கழன்று வரும். பலர் கல் உப்பைப் போட்டுக் குலுக்கச் சொல்வார்கள். உள்சுவரில் படலம் மூடாமல் இருந்தால் உப்பும் அதைக் கீறும், ஆகவே வேண்டாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், முற்றிலும் உலர்ந்து வாடை போன பிறகே பத்தி ஏற்ற வேண்டும். அடுப்படியில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

குங்கிலியம் எழுதியது:

சாம்பிராணிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், பெயருக்கேற்ற கடமையாக. மனைவியின் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய நாயனார் திருக்கடவூரில் இருந்தார். அத்தையின் ஊரிலிருந்து அது தொலைவில்லை, அவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும்.

கண்ணாடிக் கலத்தில் சாம்பிராணி வேண்டாம் அம்மா. கொட்டாங்கச்சிக் கரியோ, கடையில் விற்கும் வட்டக் கரியோ, கனன்றபின் பல நூறு பாகைச் சூட்டில் இருக்கும். அதைக் கண்ணாடியின் ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடம் மட்டும் விரிய முயலும், சுற்றியுள்ள இடம் விடாது. போரோசிலிகேட்டாக இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கம்ப்யூட்டர் சாம்பிராணியையும் அப்படி நேரடியாக வைக்காதீர்கள். எரிந்து முடியும்போது அதன் அடி நன்றாகச் சுடும்.

சூட்டை விட்டாலும் இன்னொரு காரணம் இருக்கிறது. சாம்பிராணி என்பது சுமத்திராவிலும் லாவோசிலும் வளரும் ஒருவகை மரத்தின் பிசின். அதில் பென்சாயிக் அமிலம் நிறைய இருக்கிறது. அந்த அமிலத்துக்குப் பெயரே அந்தப் பிசினிலிருந்துதான் வந்தது. சூடு பட்டால் அது ஆவியாகிக் குளிர்ந்த பரப்பில் வெண்ணிறப் படிகமாகப் படியும். பழைய காலத்தில் சாம்பிராணியைச் சூடாக்கி, மேலே காகிதக் கூம்பு கவிழ்த்து, இப்படித்தான் அதைத் திரட்டினார்கள். உங்கள் கலத்துக்கு வேண்டியது கருப்புப் பின்னணி. அங்கே வெள்ளைப் படலம் சேர்ந்தால் நிறம் எழுவதற்குப் பதிலாக மங்கும்.

நிறம் விரைவாக வர வேண்டுமானால் மட்டிப்பால் என்னும் மரப்பிசின் சேர்த்த மசாலாப் பத்தியை ஏற்றுங்கள். அது விடும் பிசின் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். கரித்தூள் பத்தியை வாசனை எண்ணெயில் தோய்த்து விற்பவை என் அனுபவத்தில் அவ்வளவு ஒட்டுவதில்லை, மூக்கையும் எரிக்கின்றன. எதை ஏற்றினாலும் சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கண்ணாடியில் படிவது நம் மூச்சுக்குழாயிலும் படியும்.

நேர்பேச்சு எழுதியது:

நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். காகிதச் சோதனையைப் படித்ததும் என் சாய வாதம் நிற்காது என்று புரிந்துவிட்டது. செய்தவரிடம் மனத்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. இருட்டுதான் நிறத்தைக் கொண்டுவருகிறது என்றால், செய்யும்போதே உள்ளே கருப்பு வைத்துவிடலாமே? வாங்குகிறவர் நான்கு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அதோடு, கடையில் வாங்கும்போது சாயம் பூசியதையும் வெள்ளி காட்டியதையும் பிரித்தறிவது எப்படி?

சுடர்முனை எழுதியது:

கருப்புக் கண்ணாடியின் மேல் வெள்ளி காட்டிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் முதல் நாளே முழு நீலமும் வந்துவிடும், அதன்பிறகு ஒன்றும் மாறாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இதை வாங்குகிறவர்கள் பலரும் அந்த மாற்றத்துக்காகவே வாங்குகிறார்கள். மழையூராள் அவர்கள் மாதம் மாதமாக நிறத்தைச் சொன்ன விதத்தைப் பாருங்கள்.

பிரித்தறிவதற்குக் கலத்தை முதலில் வெள்ளைத் தாளின் மேலும், அடுத்துக் கருப்புச் சட்டையின் மேலும் வைத்துப் பாருங்கள். வெள்ளி காட்டியதாக இருந்தால் வெள்ளைமேல் மஞ்சளாகவும் கருப்புமேல் நீலமாகவும் தெரியும். சாதாரணச் சாயத்துக்கு இந்த இரட்டை வேடம் வராது. ஆனால் உலோக ஆக்சைடுகளை மெல்லிய அடுக்குகளாகப் பூசிய கண்ணாடியும் உண்டு. அதுவும் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும், ஆனால் கண்ணாடி போலப் பளீரென்று மின்னும். வெள்ளி காட்டியது மின்னாது. பனிபடர்ந்த மாதிரி மெத்தென்று இருக்கும். செய்தவரே எதிரில் இருந்தால், வெள்ளி உள்ளேயா வெளியேயா, மேலே மூடியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்வார்.

மழையூராள் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இந்தியக் கடையில் மட்டிப்பால் பத்தி கிடைத்தது. நாளுக்கு அரைப் பத்தி வீதம் ஏற்றி வருகிறோம். துளைகளுக்கு மேலே, புகை முதலில் மோதும் சுவரில், பச்சை தொடங்கிவிட்டது. வாய்ப்பக்கம் இன்னும் மோர்தான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்குப் பித்தளைத் தூபக்கால் ஒன்று தனியாக வாங்கிவிட்டோம், அதைப் புளி போட்டுத் தேய்ப்பதில் யாருக்கும் தடையில்லை.

நேற்று சந்தைக்கு அத்தையையும் அழைத்துப் போனோம். அந்தக் கைவினைஞர் அங்கே இருந்தார். வாயருகே நிறம் போன இடத்தைப் படம் எடுத்துக் காட்டினேன்; சுடர்முனை சொன்னதையே அவரும் சொன்னார், வெளிப்புறம், மூடாதது. அத்தை என்னை மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடம் ஒன்று கேட்டார்கள்: கைப்பிடி வைத்து, உள்ளே மணல் நிரப்புகிற மாதிரி, அகலமாக ஒன்று செய்து தர முடியுமா என்று. அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அத்தை பித்தளைத் தூபக்காலை அப்படியே வரைந்து, காற்றுத் துளைகளின் எண்ணிக்கை தவறாமல் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் வந்து பார்க்கச் சொன்னார். மணலுக்கு எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்று சுடர்முனையோ குங்கிலியமோ சொன்னால் அவரிடம் தெரிவித்துவிடுவேன்.

குங்கிலியம் எழுதியது:

மூன்று விரற்கடை உலர்ந்த மணல் அடியில் இருக்கட்டும், அதன் மேல் ஒரு விரற்கடை சலித்த சாம்பல். கரி சாம்பலின் மேல் உட்கார வேண்டும். எந்தப் பக்கத்திலும் கண்ணாடியைத் தொடக் கூடாது. ஆகவே வாய் கரித்துண்டைப் போல மூன்று பங்காவது அகலமாக இருக்கட்டும். வெள்ளி காட்ட வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள். சாம்பிராணிக்கு அது வீண் செலவு.